இரண்டு மையம் வைத்த கிண்ணம்

நான் செய்கிற பாத்திரங்களைப் பற்றி என் மாமியாருக்கு ஒரே ஒரு புகார்தான். அதை வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட கொட்டகையில் மரம் கடைகிற என் லேத் இருக்கிறது. ஒரு ஜாடியைக் கடைந்து, உப்புத்தாள் போட்டு, தேன்மெழுகு தேய்த்துப் பளபளவென்று ஜன்னலோரம் வைத்திருப்பேன். அத்தை கீரை ஆய்ந்த கையோடு வந்து எட்டிப் பார்ப்பார். ஜாடிக்குள் தலையை விடாத குறையாகப் பார்த்துவிட்டு, "இதுல என்ன போடறது?" என்று கேட்பார்.

ஒன்றும் போட வேண்டாம், அழகுக்கு வைப்பது என்பேன். தண்ணீர் ஊற்றினால் மரம் ஊறிப்போகும், புளி போட்டால் கறுத்துப்போகும் என்று விளக்கம் வேறு சொல்வேன். ஒன்றுமே போட முடியாத பாத்திரத்துக்கு எதற்கு இத்தனை கரண்ட் செலவு என்று கேட்டுவிட்டு அவர் கீரையோடு திரும்பிப் போய்விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில் இரும்பு ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்தேன். கல்யாணமாகி இங்கே வந்தபோது என் கணவருக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை, எனக்கு வீட்டில் வேலை. கை சும்மா இருக்க முடியாத ஜென்மம் நான். பழைய மர லேத் ஒன்று விலைக்கு வந்தபோது அடம்பிடித்து வாங்கினேன். முதலில் கட்டில் கால், ஊஞ்சல் கம்பம், நடைவண்டிச் சக்கரம் என்றுதான் போயிற்று. பிறகு செங்கம் ரோட்டில் காபிக் கடை வைத்திருக்கும் ஒருவர், கண்ணாடி அலமாரியில் வைக்க மரக்கிண்ணம் செய்து தர முடியுமா என்று கேட்டார். அந்தக் கிண்ணத்தை வைத்த வாரமே யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். அதிலிருந்து கிண்ணம், ஜாடி, மூடி போட்ட சிமிழ் என்று என் பிழைப்பு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

வாங்குகிறவர்கள் ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், பெங்களூர்க்காரர்கள். அவர்கள் அத்தை மாதிரி கேள்வி கேட்க மாட்டார்கள். கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி, கண்ணை மூடி, மோந்து பார்ப்பார்கள். ஒரு அம்மாள் கிண்ணத்தைக் காதில் வைத்துக்கூடக் கேட்டார். என்ன கேட்டது என்று நான் கேட்கவில்லை, வியாபாரம் கெட்டுவிடும்.

எனக்குப் பெருமை சிமிழில்தான். மூடியும் அடிப்பாகமும் ஒரே மரத்துண்டில் பிறந்து, தனித்தனியாகக் கடைந்து, மறுபடி ஒன்றாகச் சேரும்போது மரத்தின் ரேகை விட்ட இடத்தில் தொடர வேண்டும். மூடியை மேலே வைத்தால் தானாக மெதுவாக இறங்க வேண்டும். இழுத்தால் 'டப்' என்று ஒரு சின்ன சத்தம் வர வேண்டும். அந்த சத்தத்துக்காக ஒரு மயிரிழை ஜாஸ்தியாகாமல், கம்மியாகாமல் அரை நாள் உட்கார்ந்திருப்பேன். அத்தை அதையும் இழுத்துப் பார்த்து, ஊறுகாய் ஜாடி மூடி இப்படி இருந்தால் நன்றாயிருக்கும் என்று சொன்னார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான்.

இப்படிச் சண்டையும் சிரிப்புமாகப் போய்க்கொண்டிருந்த வீட்டில், ஒரு புரட்டாசிக் காலையில் அத்தைக்கு வலது பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டது. மாவு மில்லில் வரிசையில் நின்றுகொண்டிருந்தவர் மாவுத் தூக்கு கையிலிருந்து நழுவ அப்படியே சரிந்தார் என்று பக்கத்துத் தெருப் பெண் ஓடிவந்து சொன்னாள். சீக்கிரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் உயிருக்குப் பயமில்லை. நாக்கு கொஞ்சம் குழறியது, பிறகு சரியாகிவிட்டது. கால் மெல்ல மெல்ல வந்தது. கை மட்டும் வரவில்லை. தோளில் லேசாக அசைவு இருந்தது, ஆனால் முழங்கைக்குக் கீழே அது அவர் சொல் பேச்சுக் கேட்கவில்லை. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன.

என் நாத்தனாருக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. தை மாதம் முகூர்த்தம். அம்மாவுக்கு இப்படி ஆனதும் தள்ளிப்போடலாமா என்று மாப்பிள்ளை வீட்டிலேயே நல்ல மனதோடு கேட்டார்கள். அத்தைதான் கூடாதென்று சொல்லிவிட்டார். தனக்காக ஒரு நல்ல காரியம் நிற்கக் கூடாது என்றார். எனவே வீட்டில் ஒரு பக்கம் பத்திரிகை, புடவை, பாத்திர சீர். இன்னொரு பக்கம் மாத்திரை, எண்ணெய், பிசியோதெரபி.

இதற்கு நடுவே ஒரு விஷயம் எல்லோரையும் உறுத்திக்கொண்டிருந்தது. அத்தையின் நெற்றி வெறுமையாக இருந்தது.

அத்தை காலையில் குளித்து முடித்ததும் கண்ணாடிகூடப் பார்க்காமல் மோதிர விரலால் குங்குமம் தொட்டு வைப்பார். வட்டமாக, காலணா அளவுக்கு, நடு நெற்றியில் கச்சிதமாக இருக்கும். நான் காலிப்பர் வைத்து அளந்தாலும் அப்படி மையம் வராது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒருநாள் இடது கையால் பித்தளைக் குங்குமச் சிமிழைத் திறக்கப் போய், அது நழுவி மெத்தையெல்லாம் கொட்டிவிட்டது. அன்றைக்கு அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு சிமிழைத் தொடவே இல்லை. நாத்தனார் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிட்டால் கொஞ்ச நேரத்தில் அது கட்டில் காலில் ஒட்டியிருக்கும். நான் வைத்துவிடட்டுமா என்று கேட்டால் தலையை ஆட்டிவிடுவார். மாமனார் ஒருநாள் தயங்கித் தயங்கிக் குங்குமத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமனார் அந்தக் குங்குமத்தை என்ன செய்வதென்று தெரியாமல் தன் நெற்றியிலேயே பூசிக்கொண்டு வெளியே போனார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது என்று நினைத்தேன். கொட்டிப்போனதில் அவருக்கு அவமானம். மூடிதான் பிரச்சினை. சிமிழைத் திறக்க இரண்டு கை வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று இழுக்க. ஒரு கையால் திறக்கிற சிமிழ் இருந்தால் தீர்ந்தது. வீட்டில் டர்னர் ஒருத்தி இருக்கும்போது இதெல்லாம் ஒரு கவலையா என்று முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் அடி கனமாக ஒன்று கடைந்தேன். அசையாமல் இருக்க அடியில் ஈயக் குண்டு வைத்து அடைத்தேன். மூடியைத் தளர்வாக விட்டேன். 'டப்' சத்தம் வராத சிமிழை என் கையால் செய்வது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அத்தைக்குத் தெரியாது. அதை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாளும் அது அங்கேயே இருந்தது. ஒருவேளை மூடியின் குமிழ் சின்னதோ என்று பெரிய குமிழ் போட்டு இன்னொன்று. மூடியைத் தள்ளினால் திறக்கிற மாதிரி இன்னொன்று. மூடியே இல்லாமல் வாய் அகன்று ஒன்று. எல்லாவற்றையும் அத்தை இடது கையால் தடவிப் பார்த்து, நல்லா இருக்கும்மா என்றார். இதில் என்ன போடுவது என்று கேட்கவே இல்லை. அந்தக் கேள்வி வராதபோதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அந்த அளவுக்குப் பொறுமை எங்கே.

ஒருநாள் மாமனார் கூடத்தில் உட்கார்ந்து, நலங்கு யார் யார் வைப்பது என்று பேச்செடுத்தார். எங்கள் வீட்டு வழக்கத்தில் பெண்ணுக்கு முதல் நலங்கு அம்மாதான் வைக்க வேண்டும். மணையில் உட்கார வைத்து, சந்தனம் பூசி, நெற்றியில் குங்குமம் வைப்பார். அதற்குப் பிறகுதான் மற்ற சுமங்கலிகள். அத்தை கட்டிலில் இருந்தபடியே, தன் தம்பி மனைவி முதல் நலங்கு வைக்கட்டும் என்றார். தான் அன்றைக்கு உள் அறையிலேயே இருந்துகொள்வதாகவும், பந்தலுக்கு வரப் போவதில்லை என்றும் சொன்னார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, நாளைக்குச் சாம்பாரா ரசமா என்று சொல்வது மாதிரி.

நாத்தனார் கையில் இருந்த புடவையைக் கீழே வைத்துவிட்டாள். அம்மா வைக்காவிட்டால் தனக்கு நலங்கே வேண்டாம் என்றாள். அத்தை, கல்யாணப் பெண் அப்படிப் பேசக் கூடாது என்றார். அவள் அழ ஆரம்பித்தாள். இவர் கண்ணை மூடிக்கொண்டார். மாமனார் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். ஆம்பிளைகளுக்கு எப்போதும் ஒரு வாசல் இருக்கிறது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஜன்னல் மேடையில் வரிசையாக நின்ற சிமிழ்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில் மேல் வைத்தேன். என்னுடைய கஸ்டமர் வேலையை எல்லாம் போட்டுவிட்டு யாருக்காக இதையெல்லாம் செய்கிறேன், ஒன்றையாவது திறந்து பார்த்தீர்களா, இந்தக் கையால் ஒரு பொட்டு எடுத்துப் பெண்ணுக்கு வைக்க என்ன கஷ்டம், பிடிவாதத்துக்கும் ஒரு அளவில்லையா என்று கொட்டித் தீர்த்துவிட்டேன். இடது கையைக் காட்டித்தான் சொன்னேன்.

அத்தை அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பீச்சாங்கையாலயா என் பொண்ணுக்குக் குங்குமம் வெக்கச் சொல்ற?"

எங்கள் ஊரில் காய்க்காரம்மாவிடம் இடது கையால் காசை நீட்டினால் வாங்க மாட்டாள். கல்யாண வீட்டில் இடது கையால் ஒரு அப்பளம் பரிமாறினால்கூட ஒரு பேச்சு வந்துவிடும். நானே என் பையனை எத்தனை முறை கையை மாற்றச் சொல்லிக் கத்தியிருப்பேன். இது எப்படி எனக்குத் தோன்றாமல் போயிற்று? லேத்தில் நிற்கிறவளுக்கு இரண்டு கையும் ஒன்றுதான், அதனாலா? பிசியோதெரபிக்கு வந்த அம்மாவும் நாங்களும், இடது கையைப் பழக்குங்க என்று காலையும் மாலையும் சொல்லிக்கொண்டே இருந்தோம். அவரும் சாப்பிடப் பழகினார், தலை வாரப் பழகினார். குங்குமத்தில் மட்டும் நின்றுகொண்டார். அவர் நெற்றி வெறுமையாகக் கிடந்ததும் அதனால்தான்.

விட்டேனா? வாதாடினேன். தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் குருக்களிடம் போய்க் கேட்டேன். உடம்புக்கு முடியாதவர்களுக்குத் தோஷம் கிடையாது, மனசுதான் முக்கியம் என்று அவர் நல்லபடியாகச் சொன்னார். என் கணவரும் சொன்னார், மாமனாரும் சொன்னார். நான் வந்து அத்தையிடம் வெற்றியோடு ஒப்பித்தேன்.

"சாமிக்குத் தப்பு இல்லம்மா," என்றார் அத்தை. "எனக்குல்ல மனசு ஆறணும். ஆயுசுக்கும் நல்லா இருன்னு வெக்கறது அது. அதைப் போயி..."

அதற்குப் பிறகு நான் வாதாடவில்லை. ஆனால் மனதுக்குள் அது சுழன்றுகொண்டே இருந்தது. தை பிறக்க அதிக நாள் இல்லை. வலது கை வராது. இடது கை கூடாது. உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே தன் பெண்ணுக்கு இன்னொருத்தி நலங்கு வைக்கிற சத்தத்தை அவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வீட்டில் கல்யாண வேலையாகச் சொந்தக்காரர்கள் வந்துபோக ஆரம்பித்ததும், அத்தை மதியத்தில் என் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்துகொள்ளத் தொடங்கினார். வருகிறவர்கள் எல்லாம் அவர் நெற்றியைப் பார்ப்பதும் பார்வையைத் திருப்புவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. நான் ஒரு நாற்காலி போட்டுக் கொடுப்பேன். தூள் பறக்குமென்று என் மாஸ்க் ஒன்றையும் மாட்டிவிடுவேன். அவர் பேசாமல் மரச்சுருள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் படிக்கட்டுக் கைப்பிடிக் கம்பத்துக்கு மேலே வைக்கிற உருண்டை ஒன்றைக் கடைந்து, அவர் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் வைத்திருந்தேன். பாதிப் பந்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். பிசியோதெரபி அம்மா சொல்லிக்கொடுத்த வழக்கத்தில் அத்தை தன் இடது கையால் வலது கையைத் தூக்கி அந்த உருண்டை மேல் வைத்தார். நான் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். மடங்கிக் கிடக்கிற அந்த விரல்கள் உருண்டையின் வளைவில் படிந்து மெல்லப் பிரிந்துகொண்டன. உள்ளங்கை மேட்டில், விரல் நுனிகள் சுற்றிலும் கீழே தொங்கின.

லேத்தை நிறுத்தினேன். கிட்டே போய் உட்கார்ந்து அந்த விரல் நுனிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னம்மா என்றார். அப்படியே இருங்க அத்தை, கையை எடுக்காதீங்க என்றேன்.

யோசனை இதுதான். அகலமான ஒரு தட்டுக் கிண்ணம். நடுவில் பள்ளத்துக்குப் பதில் மேடு. மேட்டைச் சுற்றி அகழி மாதிரி ஒரு பள்ளம், அதில் குங்குமம். வலது கையை மேட்டின் மேல் வைத்தால் விரல் தானாகக் குங்குமத்தில் விழும். பிறகு இடது கை வலது மணிக்கட்டைத் தூக்கி நெற்றி வரைக்கும் கொண்டுபோக வேண்டியதுதான். தொடுவதும் வைப்பதும் வலது கை.

அத்தையிடம் சொன்னேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, இதுவும் கூடாது என்றால் என்னிடம் வேறு வழி இல்லை. அவர் தன் கையைத் தானே தூக்கி நெற்றி வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தார், இறக்கினார், மறுபடி தூக்கினார். கோர்ட்டில் தீர்ப்புச் சொல்கிற மாதிரி யோசித்துவிட்டுச் சொன்னார்.

"தூக்கறதுதான் பீச்சாங்கை. வெக்கறது சோத்தாங்கை. செல்லும்."

உடனே என்ன மரம் என்று கேட்டார். கனமாக இருக்கட்டுமென்று புளியமரத் துண்டு ஒன்றை எடுத்தேன். பேய் குடியிருக்கிற மரத்தில் குங்குமம் வைப்பார்களா, உனக்குப் படிப்பு மட்டும்தான் இருக்கிறது என்றார். வேப்ப மரத்தைக் காட்டியதும் சரி என்றார். அன்றைக்குத்தான் பல வாரங்களுக்குப் பிறகு என்னைத் திட்டினார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

முதல் கிண்ணம் சுலபமாக வந்தது. குங்குமத்தை நிரப்பி, கையை வைத்து, தூக்கி, நெற்றியில் ஒற்றினார். கையை எடுத்ததும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. எல்லா விரலும் குங்குமத்தில் விழுந்ததால் நெற்றியில் புலி பிறாண்டிய மாதிரி கோடு கோடாக இருந்தது. அத்தை கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். இப்படி வைத்துவிட்டால் மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்து ஓடியே போய்விடுவான் என்றார்.

அகழி கூடாது. மோதிர விரல் விழுகிற இடத்தில் மட்டும் ஒரு சின்னக் குழி வேண்டும். அங்கேதான் வந்தது வினை. லேத் சுற்றுவது ஒரு மையத்தில். அதில் பிறக்கிற எதுவும் வட்டம்தான், நடுவில்தான் வரும். ஓரத்தில் தனியாக ஒரு வட்டக் குழி வேண்டுமென்றால், மேட்டைக் கடைந்து முடித்த கிண்ணத்தைக் கழற்றி, குழி வர வேண்டிய இடம் நடுவில் வருகிற மாதிரித் தள்ளிப் பிடிக்க வேண்டும். கிண்ணம் முழுக்க ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டு சுற்றும். ஐ.டி.ஐ.யில் எங்கள் மாஸ்டர் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரைக்கும் சொன்னதெல்லாம், கடைகிற ஜாப் மையத்தில் இருக்கிறதா பார், பிறகு ஸ்விட்சைத் தொடு என்பதுதான். என் கையும் கண்ணும் அதற்குத்தான் பழகியவை. உளியால் குடைந்துவிடலாமே என்று என் கணவர் கேட்டார். குடைந்தால் குழியின் விளிம்பு சொரசொரப்பாக நிற்கும். உணர்ச்சி குறைந்த விரலில் சிராய் ஏறினால் அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. அதனால் கடைவது என்று முடிவு செய்தேன்.

குழி எங்கே வர வேண்டும் என்று அத்தையின் கைதான் சொல்ல வேண்டும். இன்னொரு வேப்பந்துண்டில் மேட்டை முடித்து, மெழுகு போடாமல் வெறும் மரமாகக் கொண்டுவந்தேன். அவருடைய மோதிர விரல் நுனியில் குங்குமத்தைக் குழைத்துத் தடவினேன். அவர் கையை வைத்தார், எடுத்தார். கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தது. துடைத்துவிட்டு மறுபடி. இப்படிப் பலமுறை வைத்து, விரல் மீண்டும் மீண்டும் விழுந்த இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்தேன். அந்தக் கையை அவ்வளவு நேரம் நான் பிடித்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், அவர் உள்ளங்கையில் ஒரு பழைய அரிவாள்மணைத் தழும்பு இருப்பது எனக்குத் தெரியாது.

கிண்ணத்தைத் தள்ளிப் பிடித்து ஸ்விட்சைப் போட்டதும் லேத் மொத்தமும் ஆடியது. கொட்டகைத் தகரம் கடகடவென்றது. வேகத்தைக் குறைப்பதற்குள் கிண்ணம் பிடியிலிருந்து பிய்த்துக்கொண்டு போய்ச் சுவரில் அடித்து இரண்டாகப் பிளந்தது. நான் ஒதுங்கி நின்றதால் தப்பித்தேன். வீட்டுக்குள்ளிருந்து அத்தை என் பெயரைச் சொல்லிக் கத்திய கத்தலில் தெருவே வந்துவிட்டது. வேண்டாம் விட்டுவிடு, ஒரு பொட்டுக்காக உன் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் சரி என்று தலையாட்டினேன்.

அத்தையின் தம்பி வீட்டுக்குப் பத்திரிகை வைக்க எல்லோரும் போன நாளில் மறுபடி எடுத்தேன். புதுத் துண்டில் மேட்டை முடித்து, பிளந்த கிண்ணத்தைச் சேர்த்து வைத்து அதில் இருந்த பென்சில் புள்ளியை அளந்து இதில் இறக்கினேன். இந்த முறை துருத்துகிற பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில் ஒரு இரும்புத் துண்டைக் கட்டி எடையைச் சமன் செய்தேன். லேத்தை அதன் ஆகக் குறைந்த வேகத்தில் விட்டேன். சுற்றுகிற கிண்ணம் புகை மாதிரி கலங்கித் தெரிந்தது. குழி வர வேண்டிய அந்த ஒரு இடம் மட்டும் அசையாமல் தெளிவாக நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உளியை வைத்தேன். விரல் நுனி அளவுக்கு ஒரு குழி, பணியாரக் கல்லின் குழியைச் சின்னதாக்கின மாதிரி, விளிம்பு வழவழவென்று இறங்கியது. லேத்தை நிறுத்திவிட்டு என் விரலை அதில் விட்டுச் சுற்றிப் பார்த்தேன், எங்கும் உறுத்தவில்லை.

அதன் பிறகு தினமும் காலையில் அத்தை குளித்துவிட்டு வந்து பழகுவார். தூங்குகிற குழந்தையைத் தூக்குவது போல வலது கையைத் தூக்கி மேட்டில் வைப்பார். விரல் குழியைத் தேடும், சிலநாள் கிடைக்கும், சிலநாள் கிடைக்காது. கிடைத்தாலும் தூக்கும்போது பாதி வழியில் கை கனத்து இறங்கிவிடும். குங்குமம் புருவத்தில், காதோரத்தில், ஒருமுறை மூக்குத்தியில். நடு நெற்றிக்குப் பக்கத்தில் முதல்முறை வந்தபோது மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பார்த்தார். அன்றைக்கு அவரே போய் அத்தைக்குப் பூ வாங்கிக்கொண்டு வந்தார். ஆனால் தன் நெற்றியில் வைத்துக்கொள்வது வேறு, எதிரே உட்கார்ந்திருக்கிற இன்னொரு நெற்றிக்குக் கையை நீட்டுவது வேறு. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நலங்கன்று பந்தலுக்கு வருகிறேன் என்று அவர் கடைசிவரை வாய்விட்டுச் சொல்லவில்லை.

நலங்கு காலையில் தெருவை அடைத்துப் பந்தல். நாத்தனாரை மணையில் உட்கார வைத்தாயிற்று. தாம்பாளத்தில் சந்தனம், மஞ்சள், பூ. அத்தையின் தம்பி மனைவி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராகப் பக்கத்தில் நின்றார். எல்லோரும் உள் அறைக் கதவையே பார்த்தார்கள். அத்தை பட்டுப்புடவையில், என் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். நெற்றியில் குங்குமம் இருந்தது. அவரே வைத்துக்கொண்டது, கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி.

நாற்காலியில் உட்கார்ந்து வேப்பங்கிண்ணத்தை மடியில் வைக்கச் சொன்னார். வலது கையைத் தூக்கி மேட்டில் வைத்தார். விரல் குழியில் விழுந்தது. இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். பாதியில் கை ஆடியது, இறங்கிவிட்டது. போட்டோக்காரர் கேமராவைத் தாழ்த்திக்கொண்டார். மறுபடி தூக்கினார், மறுபடி இறங்கியது. நாத்தனாரால் தாங்க முடியவில்லை. கண் நிறைய, தலையை முன்னால் நீட்டி அம்மாவின் மடிவரைக்கும் குனிந்தாள்.

"நீ குனியாத," என்றார் அத்தை. "நிமிந்து உக்காரு."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அத்தை ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். தோளிலிருந்து முழுசாக உந்தி அந்தக் கையைத் தூக்கினார். விரல் பெண்ணின் நெற்றியில் போய்ப் பட்டது, அழுந்தியது, நின்றது. வட்டமாக வரவில்லை. மேலே ஒரு இழுப்பு இழுத்து, மூக்கு நுனி வரைக்கும் குங்குமம் உதிர்ந்தது. யாரோ குலவையிட்டார்கள். ஒரு அத்தை முறைக்காரி, போட்டோவுக்கு நன்றாக இருக்காது என்று சொல்லிக்கொண்டே தலைப்பு நுனியால் அதை ஒழுங்குபடுத்த வந்தார். நாத்தனார் அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள். அம்மா வைத்தது அப்படியே இருக்கட்டும் என்றாள்.

நான் பந்தலின் கடைசியில் காபி டிரம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கையில் ஏதாவது வேலை இருந்தால்தான் எனக்கு அழுகை வராது, அதனால் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுத்ததாக அத்தையின் தம்பி மனைவி நலங்கு வைக்கக் குனிந்தார். அத்தை அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, கூட்டத்தில் யாரையோ தேடினார். அவர் கை ஏற்கெனவே கிண்ணத்து மேட்டில், விரல் குழியில் இருந்தது. என்னைக் கண்டுபிடித்ததும் முகத்தால் கூப்பிட்டார். எனக்கெதற்கு அத்தை, நல்ல நேரம் போகிறது என்று நான் முணுமுணுத்துக்கொண்டே போய் அவர் முன்னால் நின்றேன். கை மேலே வந்தது, என் மார்பளவில் நின்று ஆடியது.

"நீ குனி," என்றார். "நீ உயரம். எனக்கு எட்டல."

குனிந்தேன். அந்த விரல் நடுங்கி நடுங்கி என் நெற்றியைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரைக்கும் குனிந்தபடியே நின்றேன். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும் என்று நன்றாக அழுதேன்.